ஒரு செப்புக் காசும் ஒரு மனுவும்: ராமநாதபுரம் பள்ளி மாணவர்களின் தேடல் வெறும் ‘புராஜெக்ட்’தானா?

ஒரு பக்கம் கையில் பூவோடு நிற்கும் மனித உருவம். மறுபக்கம் கையில் சங்கோடு அமர்ந்திருக்கும் உருவம், பக்கத்திலேயே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீராஜராஜ’. முதலாம் ராஜராஜ சோழன் (கி.பி. 985–1014) காலத்தில் வெளியான செப்புக் காசு இது. ‘ஈழக்காசு’ என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு காசு ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் கிடைத்தது. கண்டெடுத்தவர் தொல்லியல் அதிகாரி இல்லை. உள்ளூர் அரசுப் பள்ளியில் படித்த மாணவி.

பச்சை படிந்த ஒரு வட்டத் தகடு காலில் இடறினால் நம்மில் எத்தனை பேர் குனிந்து எடுப்போம்? எடுத்தாலும் மிஞ்சிப்போனால் ஒரு போட்டோ, ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைத் தாண்டி ஒன்று தெரிந்திருந்தது. இதை யாரிடம் காட்ட வேண்டும், எங்கே கிடைத்தது என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதுதான் அது.

பள்ளி, கல்லூரி ‘புராஜெக்ட்’ என்றாலே சார்ட் பேப்பர், தெர்மாகோல், கடைசி நாள் பிரிண்ட் அவுட் என்று பழகிப்போன நமக்கு இது கொஞ்சம் புதுசு. மாணவர்களின் புராஜெக்ட் எந்த இடத்தில் மார்க் விஷயமாக நின்றுவிடுகிறது? எந்த இடத்தில் அது ஊருக்கான குரலாக, குடிமக்கள் செயல்பாடாக மாறுகிறது? பார்க்கலாம்.

திருப்புல்லாணியில் என்ன நடக்கிறது?

பள்ளியின் முழுப்பெயர் சுரேஷ் சுதா அழகன் நினைவு அரசு மேல்நிலைப்பள்ளி. இங்கே ‘தொன்மைப் பாதுகாப்பு மன்றம்’ என்று ஒன்றை ஆசிரியர் வே.ராஜகுரு உருவாக்கி வளர்த்தார். ராமநாதபுரம் தொல்லியல் ஆய்வு நிறுவனத்தின் தலைவரும் அவர்தான். மாவட்டத்தில் எங்கே கல்வெட்டு, எங்கே நடுகல், எங்கே பானை ஓடு என்று செய்தி வந்தாலும் பெரும்பாலும் அவர் பெயரும் கூடவே வரும்.

பெயருக்கு மன்றம் வைத்திருக்கும் பள்ளிகள் எவ்வளவோ உண்டு. ஆகஸ்ட் 15 அன்று ஒரு கூட்டம், ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். திருப்புல்லாணிப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சும்மா இல்லைங்க, அது நிஜமாகவே கஷ்டமான வேலை. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ‘எ’கர ‘ஏ’கர வேறுபாடும் தெரியாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. வரி எங்கே முடிகிறது, சொல் எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். இதற்கும் முந்தைய தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி, இன்னொரு உலகம். இதையெல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

படி எடுப்பது இன்னொரு பாடம். கல்லை பிரஷ் வைத்துச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி தட்டி, மேலே மையை ஒற்றி எடுக்க வேண்டும். பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும், மற்ற இடம் கறுப்பாகும். பொறுமை இல்லையென்றால் தாள் கிழிந்துவிடும்.

களத்தில் கிடைப்பதும் குறைவில்லை. பழங்காசுகள், பானை ஓடுகள், சீனப் பீங்கான் சில்லுகள் என மாணவர்கள் எடுத்து வந்து காட்டியவை பலமுறை செய்தியாகியிருக்கின்றன.

இந்தக் கரையில் அப்படி என்ன இருக்கிறது?

சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வெளியூர்க்காரர்களுக்கு ராமேஸ்வரம் கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி செல்ஃபி, இவ்வளவுதான் ராமநாதபுரம். ஆனால் கடல் வணிகம் பற்றிப் படிப்பவர்களுக்கு இந்தக் கரை ஒரு பெரிய ஆவணக் கிடங்கு மாதிரி.

வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளம். அங்கே உள்ள கோட்டைமேட்டில் 1986-87 தொடங்கி 2016-17 வரை பல கட்டங்களாகத் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறப்பட்ட ஒரு ஓடு எல்லாம் அங்கே கிடைத்தன.

திருப்புல்லாணிக்கு அருகில் இருக்கும் பெரியபட்டினம் இடைக்காலத்துத் துறைமுகம். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே ஆய்வு செய்தது. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா அங்கே கிடைத்த சீனப் பீங்கான்களை வைத்து, 13-14ஆம் நூற்றாண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடந்த வணிகத்தை ஆராய்ந்தார். இன்று சின்ன ஊர். அன்று சீனக் கப்பல் சரக்கு வந்து இறங்கிய இடம்.

எனக்கு மிகவும் பிடித்தது திருப்புல்லாணி கோயில் கல்வெட்டு ஒன்று. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் சுந்தரபாண்டியன், பவித்திரமாணிக்கப்பட்டினம் என்ற துறைமுக ஊரில் இருந்த சோனகர் பள்ளிவாசலுக்குக் கொடுத்த கொடையை அது பதிவு செய்கிறது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசலுக்கான கொடை! இந்த ஊர்ப் பிள்ளைகள் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்வதில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், இதில் பெரும்பகுதி வேலி போட்ட இடத்தில் இல்லை. கண்மாய்க் கரையில், தென்னந்தோப்பில், சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் மேட்டில், யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் இருக்கிறது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது, இறால் பண்ணைக்குக் குளம் வெட்டும்போது, மண் அள்ளும்போது ஒரே நாளில் காணாமல் போய்விடும். போனதே தெரியாது. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் மாதிரி அரசுப் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்கள் கையளவுதான். மற்றவற்றுக்குக் காவல், அந்த வழியாக தினமும் பள்ளிக்கு நடந்து போகும் கண்கள்தான்.

40 வருஷம் காத்திருந்த கீழடி

‘பசங்க எதையோ எடுத்துட்டு வந்திருக்காங்க’ என்று ஒதுக்க முடியாது என்பதற்குக் கீழடியே சாட்சி. 1970களில் கீழடிப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர் வி.பாலசுப்பிரமணியம். மண் தோண்டும்போது கிடைத்த பழம்பொருட்களைப் பற்றி மாணவர் ஒருவர் சொல்ல, அவர் போய்ப் பார்த்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுத்தார். அன்று கீழடியும் ராமநாதபுரம் மாவட்டம்தான். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல்.

அதற்குப் பிறகு? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2013-14-ல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வைகைக் கரை நெடுக அழகன்குளம் வரை ஆய்வு செய்து 293 இடங்களைப் பட்டியலிட்டது. அப்போது பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு வழிகாட்டினார். 2015-ல் கீழடியில் முதல் குழி தோண்டினார்கள். மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

ஒரு மாணவர் சொன்ன தகவலுக்கும் முதல் குழிக்கும் இடையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள். ஆதாரம் அன்றே இருந்தது. தகவல் போக வேண்டிய இடத்துக்கும் போனது. ‘என்ன செய்தீர்கள்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்க மட்டும் ஆளில்லை. மாணவர் புராஜெக்ட் பற்றிப் பேசும்போது நாம் பார்க்க வேண்டிய இடைவெளி இதுதான்.

கண்டுபிடிப்பது பாதி வேலை... மீதி?

இந்தியாவில் மாணவர்களை உள்ளூர்ப் பிரச்சினை பக்கம் திருப்பிய பெரிய முயற்சி என்றால் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைச் சொல்லலாம். 1993-ல் தொடங்கியது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் ஒரு விஷயத்தை எடுத்து, அளந்து, கணக்கெடுத்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம். மாவட்டம், மாநிலம், தேசம் என்று மேலே போகும். தமிழ்நாட்டில் இதைத் தோளில் சுமந்து நடத்தியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். கிணற்று நீர் ஏன் உப்பாச்சு, குப்பை எங்கே போகுது, மீன் ஏன் குறைஞ்சுது என்றெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே கேட்டிருக்கிறார்கள்.

நல்ல திட்டம். ஆனால் மாநாடு முடிந்ததும் பெரும்பாலான அறிக்கைகள் பீரோவுக்குள் போய்விடும். சான்றிதழ் சுவரில் தொங்கும். கிணற்று நீர் உப்பாகவே இருக்கும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1992-ல் ‘புராஜெக்ட் சிட்டிசன்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னர் பல நாடுகளுக்கும் போனது. அதன் அடிப்படை எளிது. மாணவர்கள் ஊரில் ஒரு பிரச்சினையை எடுக்கிறார்கள். அதற்கு இருக்கும் வெவ்வேறு தீர்வுகளை ஆராய்கிறார்கள். அதில் ஒன்றைத் தங்கள் கோரிக்கையாக முன்வைக்கிறார்கள். நாலாவதாக ஒன்று இருக்கிறது, அங்கேதான் விஷயமே: அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று ஒரு செயல்திட்டம் போட வேண்டும்.

நம்ம பாடப்புத்தகத்தில் ‘குடிமையியல்’ என்று ஒரு பகுதி இருக்கு, ஞாபகம் இருக்கா? ஊராட்சி என்றால் என்ன, கலெக்டரின் பணிகள் யாவை, ஐந்து மதிப்பெண் வினா. கலெக்டரின் பணிகளை எழுதி ஐந்து மார்க் வாங்கிய நாம் எத்தனை பேர் கலெக்டருக்கு ஒரு மனு எழுதியிருப்போம்?

பதினெட்டு வயசு ஆகாதவங்க மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1989-ன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது கேட்கப்படவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவோ, நாட்டின் பண்பாட்டு மரபைப் பாதுகாப்பதைக் குடிமக்களின் கடமை என்றே சொல்கிறது. 1976-ல் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவில் வயது வரம்பு எதுவும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் (2005) அப்படித்தான். ‘எல்லாக் குடிமக்களுக்கும்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. 2012-ல் லக்னோவைச் சேர்ந்த 10 வயதுச் சிறுமி ஒருவர், காந்திக்கு ‘தேசத் தந்தை’ என்ற பட்டம் எந்த உத்தரவின்படி கொடுக்கப்பட்டது என்று இந்தச் சட்டத்தின் கீழ் கேட்டார். கேள்வி பிரதமர் அலுவலகத்தில் இருந்து உள்துறைக்கும், அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போனது. கடைசியில் வந்த பதில்: அப்படி ஓர் ஆவணம் இல்லை! ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு மூன்று அலுவலகங்களைத் தேட வைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்குச் செலவு 10 ரூபாய். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் இன்னொரு வாசல். மனு எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் பிடி. மீனவர்களுக்கென்றே தனியாகக் குறைதீர் கூட்டமும் நடக்கிறது. ‘முதல்வரின் முகவரி’க்கு 1100 என்ற எண் இருக்கிறது.

ஆனால் கதவு திறந்திருப்பதும் பதில் கிடைப்பதும் ஒன்றில்லை. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் நிறைய இருக்கு. ‘எங்கள் ஊரின் தொன்மையைப் பாதுகாக்க ஆவன செய்ய வேண்டும்’ என்று எழுதினால், ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். முடிந்தது கதை. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்தச் சர்வே எண்ணில், கண்மாய்க் கரையில் இருக்கும் கல்வெட்டுப் பலகை பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் உள்ளதா? துறை அதைப் படி எடுத்திருக்கிறதா? எந்த ஆண்டில்? இல்லையென்றால் ஆய்வுக்கு யார், எப்போது வருவார்? இதற்கு ‘ஆம்’, ‘இல்லை’, ஒரு தேதி, ஒரு பதவி என்றுதான் பதில் சொல்ல முடியும்.

சர்வே எண்ணுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கத் தேவையில்லை. அரசின் இணையச் சேவைத் தளத்தில் அது பட்டா நிலமா, புறம்போக்கா என்று போனிலேயே பார்க்கலாம். மாணவர் புராஜெக்ட் அறிக்கையில் ‘அறிமுகம்’ என்று இரண்டு பக்கம் எழுதுவதற்குப் பதில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் அதன் கனமே வேறு.

எடுக்கலாமா, விட்டுவிடணுமா?

இங்கே சின்னதாக ஒரு பிரேக். பழம்பொருள் கிடைத்தால் எடுத்து வருவது சரியா? இதில் எனக்கும் கொஞ்சம் தயக்கம் உண்டு. மண்ணுக்குள் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் ஒரு பொருளின் பாதி வரலாறு இருக்கிறது. பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் பொருள். அதனால் புதைந்து கிடப்பதைத் தோண்டவே கூடாது. அது அகழாய்வாளர்களின் வேலை, அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியது. மழையில் அரித்து மேலே வந்தது, உழும்போது கிளம்பியது என்றால், முதலில் இருந்த இடத்திலேயே போட்டோ, பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் அல்லது பேனா, போனில் லொகேஷன், தேதி. அப்புறம்தான் கை.

சட்டமும் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில், 1878-ல் வந்த புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் என்ற அந்த வரம்பு இன்னும் அப்படியே நிற்பது தனிக் கூத்து. 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருட்களுக்கு 1972-ன் தொல்பொருள் சட்டம் வேறு உண்டு. ஆக, ‘நான் கண்டுபிடிச்சேன், என் ஷோகேஸ்ல வச்சுக்குவேன்’ என்பது நடக்காது. பள்ளி மன்றத்தில் ஒரு பிள்ளை இதைக் கற்றுக்கொண்டால், வீட்டில் அப்பாவுக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அதுவே பாடம் எடுக்கும்.

அளவுகோலும் மனுவும் சேர்ந்தால்...

இந்த மாவட்டத்துக்காரர் ஒருவரின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன், பழைய ராமநாதபுரம் மாவட்டத்துச் செங்கப்படையில் பிறந்தவர். 1930-ல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டு வெளியே வந்த மாணவர். மனைவி கிருஷ்ணம்மாளுடன் சேர்ந்து நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதே வாழ்க்கை என்று இருந்தவரை, 1990களில் வேறொரு பிரச்சினை இழுத்தது: கிழக்குக் கடற்கரை முழுக்கப் பரவிய இறால் பண்ணைகள். குடிநீர் உப்பாகிறது, வயல் பாழாகிறது, மீனவர்கள் கடலுக்குப் போகும் பாதை அடைபடுகிறது என்று ஊர் ஊராகப் புகார்.

உண்ணாவிரதம், பாதயாத்திரை எல்லாம் நடந்தது. கூடவே 1994-ல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தைக் களத்துக்கு அனுப்பியது. நீர், மண், பாதிப்பு எல்லாம் அளக்கப்பட்டு அறிக்கையானது. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு. பாரம்பரிய முறைகளைத் தவிர, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்றது நீதிமன்றம்.

ஊர்ச் சனங்களின் புகார் அதற்கு முன்பும் இருந்தது. அளவீடு செய்யக்கூடிய நிறுவனமும் இருந்தது. இரண்டையும் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தது அந்த மனு. அது முழு வெற்றி என்றும் சொல்லிவிட முடியாது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டு வந்து, பதிவு செய்து நடத்தலாம் என்று வழி திறந்துவிட்டது. வாங்கிய தீர்ப்பைக்கூடத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல.

பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இந்தக் கரையில் ஆள் பஞ்சம் இல்லை. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லெட்சுமி, கடல்பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டி, வனத்துறையோடு பேசி, பாசி எடுக்கும் நாட்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டவர்களில் ஒருவர். 2015-ல் அவருக்குச் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்தது. அதே பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 90.4-ல் ஒலிக்கிறது. ஒரு பள்ளி புராஜெக்ட் அறிக்கை ஊர்க்காரர்கள் காதில் விழ வேண்டுமென்றால் 40 பக்க பிடிஎஃப்பைவிட அந்த மாதிரி ஒரு மைக் நல்லது.

எங்கே சறுக்குகிறது?

முதல் பிரச்சினை, எல்லாமே ஓர் ஆசிரியரின் தோளில் நிற்பது. ஆர்வமான வாத்தியார் டிரான்ஸ்ஃபர் ஆனால், ஓய்வு பெற்றால், மன்றமும் கூடவே போய்விடும். பல பள்ளிகளில் போட்டோ ஆல்பம் மட்டும் மிஞ்சியிருக்கும். மன்றத்தின் பதிவேடு, கண்டெடுத்த இடங்களின் பட்டியல், அனுப்பிய கடிதங்களின் நகல் ஆகியவை பள்ளியின் சொத்தாக இருக்க வேண்டும், ஆசிரியரின் பீரோவில் இல்லை.

இரண்டாவது, பயம். நடுகல்லைக் கண்டுபிடித்தால் எல்லாரும் கைதட்டுவார்கள். அந்த நடுகல் நிற்கும் மேட்டில் மண் அள்ளுவது யார் என்று கேட்டால் முகம் மாறும். தொன்மை, தூய்மை, மரம் நடுதல் வரைக்கும் புராஜெக்ட்டுக்கு அனுமதி சுலபம். அதிகாரம், நிலம், பணம் பக்கம் போனால் தலைமையாசிரியருக்கே போன் வரும். பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டுப் பெரியவர்கள் பின்னால் நிற்பதும் நியாயமில்லை. ஆதாரத்தைப் பிள்ளைகள் திரட்டட்டும். கையெழுத்துப் போட்டு முன்னால் நிற்க வேண்டியது ஓட்டுரிமை உள்ளவர்கள்.

மூன்றாவது, நம்ம மீடியா. காசு கிடைத்த அன்று செய்தி போடுகிறோம். அந்த இடத்துக்கு அடுத்த வருஷம் என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

சரி, நீங்கள் இதில் எங்கே வருகிறீர்கள்?

இதைச் சென்னையிலோ பெங்களூருவிலோ மெட்ரோவில் நின்றபடி படித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உங்கள் பெயர் இன்னும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? அப்படியென்றால் அந்த ஊரின் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூடுகிறது. இதில் பாதிக்கு மேல் அரசு விடுமுறை நாட்கள், எப்படியும் ஊருக்கு வருவீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து உட்காரலாம், தங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டலாம். ஆனால் 18 வயது நிரம்பாததால் அவர்கள் சபையின் உறுப்பினர்கள் இல்லை. கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனி கிராம சபை நடத்த அரசு உத்தரவு இருக்கிறது. நம்ம ஊரில் இப்போதைக்கு ஒரு பெரியவர் எழுந்து, ‘இந்தப் பிள்ளைகள் சொன்ன இடத்தைத் தொல்லியல் துறை ஆய்வு செய்ய வேண்டும் என்று தீர்மானம் போடுங்க’ என்று கேட்க வேண்டும். தீர்மான நோட்டில் ஏறுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து, தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்து, பள்ளி மன்றத்தின் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கு எடுத்துப் போக அந்த எண் வேண்டும்.